யாரிடம் காசு வாங்குகிறார் ஆலோசகர்?



ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணக்கரிடம் ஆலையின் பெரிய செலவு எது என்று கேட்டால் முதலில் பஞ்சு என்பார், அடுத்தது கரண்ட் என்பார். பஞ்சின் விலையை உலகச் சந்தை முடிவு செய்கிறது. நூலின் விலையும் ஆலையின் கையில் இல்லை. ஆலை தானே முனைந்து குறைத்துக்கொள்ளக்கூடிய பெரிய செலவு என்றால் அது கரண்ட்தான். அதனால்தான் மதுரை–தென்காசி சாலையோரத்து ஆலைகளின் வாசலில் 'எனர்ஜி கன்சல்டன்ட்' என்று அச்சிட்ட அட்டையோடு பலர் வந்து நிற்கிறார்கள். சூரியத் தகடு விற்பவரும் அந்த அட்டையைத்தான் நீட்டுகிறார். கெப்பாசிட்டர் விற்பவரும், காற்றாலைப் பங்கு வாங்கித் தருபவரும், முறையாகத் தேர்வு எழுதிச் சான்று பெற்ற தணிக்கையாளரும் அப்படியே. அட்டை ஒன்றாக இருக்கிறது, தொழில் வேறு வேறாக இருக்கிறது. இவர்களில் யாரை உள்ளே விடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், கையில் இருக்கும் மின்கட்டணச் சீட்டிலிருந்து தொடங்கலாம். 2022 செப்டம்பர் 10ஆம் தேதி தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண ஆணை நடைமுறைக்கு வந்தது. உயர் அழுத்தத் தொழிற்சாலைகளுக்கு யூனிட் விலை 6 ரூபாய் 35 காசிலிருந்து 6 ரூபாய் 75 காசானது. பேச்செல்லாம் இந்த நாற்பது காசைப் பற்றியே இருந்தது. ஆனால் அதே ஆணையில் டிமாண்ட் கட்டணம், அதாவது ஆலை ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய உச்ச மின்சுமைக்கான கட்டணம், ஒரு கேவிஏவுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாய்க்குத் தாவியது. யூனிட் விலை ஏறியது ஆறு சதவீதம், டிமாண்ட் கட்டணம் ஏறியது 57 சதவீதம். காலை, மாலை உச்ச நேரங்களில் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல், இரவில் ஐந்து சதவீதம் தள்ளுபடி. பிறகு 2023, 2024, 2025 ஜூலை மாதங்களிலும் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. 2023 செப்டம்பர் 25 அன்று சிறு, குறு தொழில்கள் ஒரு நாள் கதவடைப்பு நடத்தியது நிலைக்கட்டணத்தையும் உச்ச நேரக் கட்டணத்தையும் எதிர்த்துத்தான்.

ஒரு ஆலை 2,000 கேவிஏவுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அது தொடும் உச்சம் 1,500தான். பழைய இயந்திரங்கள் சிலவற்றை எடுத்திருப்பார்கள், ஒரு பிரிவை மூடியிருப்பார்கள், ஒப்பந்தத்தை மாற்ற மறந்திருப்பார்கள். விதிப்படி ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்காவது பணம் கட்டியாக வேண்டும். அதாவது 1,800 கேவிஏ. பயன்படுத்தாத 300 கேவிஏவுக்கு 2022ஆம் ஆண்டின் 550 ரூபாய் வீதம் கணக்கிட்டாலே மாதம் ஒரு லட்சத்து 65 ஆயிரம், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட இருபது லட்சம் ரூபாய். இதைத் திருத்த ஒரு இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை, மின்வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் போதும். அடுத்த ஆண்டு புதிய நூற்பு இயந்திரம், அதாவது ரிங் ஃபிரேம், வரப்போகிறதா, அப்போது மறுபடி டிமாண்ட் கேட்டுப் பணம் கட்ட நேருமா என்று மட்டும் முன்கூட்டி யோசிக்க வேண்டும்.

நல்ல ஆலோசகர் முதல் நாளே பன்னிரண்டு மாத மின்கட்டணச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவார். எதையாவது விற்க வந்தவர் இதைத் தொடவே மாட்டார், ஏனென்றால் இந்த விண்ணப்பத்தில் அவருக்குக் கமிஷன் இல்லை. ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கேதான் பிறக்கிறது: ஐயா, உங்களுக்குக் காசு யார் தருகிறார்கள்? ஆலை மட்டுமா, ஆலை வாங்கப்போகும் பொருளின் கம்பெனியுமா? கம்பெனியும் தருகிறது என்றால் அவர் விற்பனையாளர். விற்பனையாளராக இருப்பது குற்றமில்லை. ஆனால் மருந்துக்கடைக்காரரிடமே நாடி பார்க்கக் கையை நீட்டக் கூடாது.

பிரிட்டனில் இதே சிக்கல் பெரிய விவகாரமாக வெடித்தது. அங்கே கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் மின்சார, எரிவாயு ஒப்பந்தம் பேசித் தரும் இடைத்தரகர்கள் தங்கள் கமிஷனை யூனிட் விலைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார்கள். ஆலோசனை இலவசம் என்று நம்பிய வணிகர்கள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு யூனிட்டிலும் அந்தக் கமிஷனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 அக்டோபரிலிருந்து மிகச் சிறு வணிகங்களின் ஒப்பந்தத்தில் தரகருக்குப் போகும் தொகையைக் காட்டியே ஆக வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதி செய்தது. 2024 அக்டோபரில் அந்த விதி மற்ற வணிகங்களுக்கும் விரிந்தது. நம் ஊரில் ஒரு ஆலை அரசு விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. "இந்த ஆலைக்குப் பரிந்துரைக்கும் எந்தப் பொருளிலும் சேவையிலும் எனக்கு வேறு யாரிடமிருந்தும் வருமானம் இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போதும். தயங்குகிறவருக்கு ஒரு காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடலாம்.

இந்த வட்டாரத்துக்கு மின்சாரக் கவலை புதிதல்ல. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல்தான் வந்தது. பிற்காலத்தில் அணைநீர் போதாமல் போனபோது தென் மாவட்ட நூற்பாலைகள் காற்றைத் தேடிப் போயின. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்று ஆலைகளின் மின்சாரமானது. அன்று காற்றாலை போடச் சொன்ன ஆலோசகர்கள் பலர் உண்மையில் வருமானவரி ஆலோசகர்கள். முதலீட்டில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழிக்கலாம் என்ற சலுகைதான் அவர்களுடைய கணக்கின் அச்சாணி. 2017 ஏப்ரலில் அது 40 சதவீதமாகக் குறைந்தது. வரியை மட்டும் பார்த்து, காற்றின் வேகத்தைப் பார்க்காமல் நட்ட கோபுரங்கள் எவை, காற்றை அளந்து நட்டவை எவை என்பது இன்று அவை தரும் யூனிட்டிலேயே தெரியும்.

2008 நவம்பரில் உயர் அழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. கட்டுப்பாடுகள் முழுவதுமாக விலகியது 2015இல். அந்த ஏழு ஆண்டுகளில் சொந்தக் காற்றாலை வைத்திருந்த ஆலைகள் தாக்குப்பிடித்தன, இல்லாதவை டீசல் எரித்தன. அந்த அனுபவத்தின் அச்சம் இன்னும் தீரவில்லை. அந்த அச்சத்தின் மீதுதான் இன்று 'குரூப் கேப்டிவ்' வியாபாரம் நடக்கிறது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பணம் போவதும் பெருநட்டம் வருவதும் இங்கேதான். பல தொழிற்சாலைகள் சேர்ந்து ஒரு சூரிய அல்லது காற்று மின்நிலையத்தில் பங்கு வாங்கி, அதன் மின்சாரத்தைச் சொந்த மின்சாரமாகக் கணக்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி பயனாளிகள் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும், ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். இந்த இரண்டு எண்களையும் எல்லாத் தரகர்களும் சொல்வார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பங்குதாரரும் தன் பங்கின் விகிதத்துக்கு ஏற்ப, பத்து சதவீத ஏற்ற இறக்கத்துக்குள், மின்சாரத்தைப் பயன்படுத்தியாக வேண்டும். மின்நிலையத்துக்கென்றே தொடங்கும் சிறப்பு நோக்க நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்று 2023 அக்டோபர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிபந்தனை தவறினால் அந்த ஆண்டின் மின்சாரத்துக்குச் சொந்தப் பயன்பாடு என்ற தகுதி போய்விடும், குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் மொத்தமாக வந்து விழும்.

இப்போது ஒரு மந்தநிலையை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் நட்டம் தாங்காமல் தென்னிந்திய நூற்பாலைகள் பல உற்பத்தியைக் குறைத்தன. ஒரு ஆலை மூன்று ஷிப்டை இரண்டாக்கினால் அதன் மின்பயன்பாடு விழுகிறது, பங்கு மட்டும் அப்படியே நிற்கிறது. விகிதம் கலைகிறது. அருகில் எங்கோ இருக்கும் இன்னொரு பங்குதாரரின் சரிவு நம் ஆலையின் தகுதியையும் சேர்த்து இழுக்கலாம். அந்த நிலையில் கூடுதல் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு சொல்கிறது? பங்கு விற்க வந்தவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பேச்சு சூரிய ஒளிக்குத் திரும்பிவிடும். நல்ல ஆலோசகர் இந்தப் பிரிவை முதலில் திறந்து படிப்பார். கையெழுத்து வேண்டாம் என்றுகூடச் சொல்வார். வேண்டாம் என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம்.

இனி ஆலைக்குள் போகலாம். மின்சாரம் வாங்கும் விலையைக் குறைப்பதைவிட, செலவாகும் யூனிட்டைக் குறைப்பது நிலையானது. அது விதி மாறினாலும் மாறாது. நூற்பாலையில் பெரும்பங்கு மின்சாரத்தை ரிங் ஃபிரேம்கள் எடுத்துக்கொள்கின்றன. அடுத்து ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் விசிறிகளும் பம்புகளும், பிறகு கம்ப்ரசர். கம்ப்ரசர் காற்றுக்குழாயில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் ஏழு பார் அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்று கிலோவாட் மின்சாரம் அதன் வழியாகப் போகிறது. ஆண்டில் 350 நாள், 24 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 25,200 யூனிட். 2022ஆம் ஆண்டு விலைப்படிகூட ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய். நூலைச் சுற்றும் ஆட்டோகோனர் பக்கம் 'உஸ்' என்று எப்போதும் கேட்கும் சத்தத்தை எல்லோரும் பழகிப்போயிருப்பார்கள். இரவு ஷிப்டில் வந்து அந்தச் சத்தத்தைத் தேடி நடக்கிற ஆலோசகரை நம்பலாம். பகல் பதினொரு மணிக்கு வந்து, அலுவலகத்தில் உட்கார்ந்து, மோட்டார் பட்டியலை வாங்கிக்கொண்டு போய் அறுபது பக்க அறிக்கை அனுப்புகிறவரை என்ன சொல்வது? அந்த அறிக்கையில் பெயர்ப்பலகையில் பொறித்த குதிரைத்திறன் இருக்கும், மோட்டார் உண்மையில் இழுக்கும் கிலோவாட் இருக்காது.

விசிறியின் கணக்கு இன்னும் சுவையானது. விசிறியின் வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் அது எடுக்கும் திறன் 27 சதவீதம் குறைகிறது. இயற்பியல் விதி இது, எல்லா ஆலோசகர்களுக்கும் மனப்பாடம். ஆனால் ரிங் ஃபிரேம் பிரிவில் ஈரப்பதம் 55, 60 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். மின்சாரம் மட்டும் தெரிந்தவர் விசிறியைக் குறைத்துவிட்டுப் போவார், பங்குனி வெயிலில் ஈரப்பதம் இறங்கும், நூல் அறுபடும், அறுந்த நூலை முடியும் பெண்களின் வேலை இரட்டிக்கும், கழிவுப் பஞ்சு ஏறும். மின்கட்டணத்தில் மிச்சமானதைவிட நூலில் போனது அதிகமாக இருக்கும். ஆகவே ஆலோசகருக்கு நூற்பு தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தவர் ஒருவர் அவர் குழுவில் இருக்க வேண்டும். கோவையில் 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா ஆலைகளின் மின்பயன்பாட்டை ஆராய்ந்து வருவதன் மதிப்பு இங்கேதான் புரிகிறது.

ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பதை ஆலைகளில் 'யூகேஜி' என்பார்கள். வெவ்வேறு நம்பர் நூலை ஒப்பிட வேண்டும் என்பதற்காக அதை 40ஆம் நம்பர் நூலுக்கு மாற்றிக் கணக்கிடுவது வழக்கம். மெல்லிய நூலுக்கு ஒரு கிலோவுக்குக் கூடுதல் மின்சாரம் ஆகும், தடித்த நூலுக்குக் குறைவு. இதில்தான் சேமிப்புக் கணக்கின் பெரிய ஓட்டை ஒளிந்திருக்கிறது. ஆலை மெல்லிய 60ஆம் நம்பரிலிருந்து தடித்த 40ஆம் நம்பருக்கு மாறிய மாதத்தில் யூனிட் தானாகவே குறையும். அதைத் தன் சேமிப்பு என்று எழுதிப் பங்கு கேட்கும் ஆலோசகருக்கு ஆலை பணம் கொடுத்துவிடும். எனவே வேலை தொடங்கும் முன்பே அடிப்படை அளவை இரு தரப்பும் சேர்ந்து எடுக்க வேண்டும்: எந்த நம்பர், எத்தனை கதிர், எந்த வேகம், எந்தப் பருவம், எந்த மீட்டர். ஆடியில் எடுத்த அளவைப் பங்குனியோடு ஒப்பிடக் கூடாது. சேமிப்பை ரூபாயில் எழுதவும் கூடாது, யூனிட்டில் எழுத வேண்டும். ரூபாய்க் கணக்கில் ஆணையத்தின் அடுத்த கட்டண ஆணையும் கலந்துவிடும்.

தகுதி பற்றி இரண்டு வார்த்தை. 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002 மார்ச்சில் மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு, அதாவது பி.இ.இ., உருவானது. அது நடத்தும் தேசியத் தேர்வில் தேறியவர்களில் சான்று பெற்ற எரிசக்தி மேலாளர், சான்று பெற்ற எரிசக்தித் தணிக்கையாளர் என இரு நிலைகள் உண்டு. அவற்றுக்கு மேல், அனுபவமும் பார்த்து அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்கு இணையான எரிசக்தியைச் செலவிடும் ஜவுளி ஆலைகள் அங்கீகாரம் பெற்றவரைக் கொண்டே கட்டாயத் தணிக்கை செய்ய வேண்டும். பெருநிறுவனங்களுக்கு எரிசக்திச் சேமிப்பு இலக்கு விதிக்க 2012இல் தொடங்கிய 'பாட்' திட்டத்தின் முதல் சுற்றில் நாடெங்கும் இருந்த 478 பெருநிறுவனங்களில் 90 ஜவுளித் துறையைச் சேர்ந்தவை. சான்று இருப்பதால் மட்டும் ஒருவர் நல்ல ஆலோசகர் ஆகிவிட மாட்டார். ஆனால் சான்றே இல்லாதவரிடம் அறிக்கை வாங்கினால் அரசுச் சலுகைக்கு அது பயன்படாது. ஆகவே சான்று எண்ணைக் கேட்டுச் சரிபார்ப்பது அவமரியாதை ஆகாது.

பேச்சு இதுவரை பெரிய ஆலைகளைச் சுற்றியே வந்தது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அங்கே இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் பெறும் சிறு விசைத்தறிக்காரருக்கு எரிசக்தி ஆலோசகர் தேவையே இல்லை. அவரிடம் வந்து பணம் கேட்பவரைத் திருப்பி அனுப்புவதே சரி. ஆனால் அந்தத் துணியை வெளுக்கும் கூடங்களுக்கு நீராவி வேண்டும். அவற்றின் எரிசக்தி கரண்ட் கம்பியில் வருவதில்லை, பாய்லருக்குள் போகிறது. நீராவி குளிர்ந்து வரும் சுடுநீரைச் சாக்கடையில் விடாமல் பாய்லருக்கே திருப்பினால், பாய்லருக்குள் போகும் தண்ணீரின் வெப்பம் ஆறு டிகிரி ஏறும்போதெல்லாம் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம். மின்சார மீட்டரை மட்டும் பார்க்கும் ஆலோசகர் இந்தக் கூடங்களுக்கு உதவ மாட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கதை இன்னும் வேறு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் முதன்மை எரிசக்தி விறகுதான். பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். பத்து லிட்டர் பாலைக் கொதிக்க வைத்து ஏழு கிலோ தண்ணீரை வெளியேற்ற மொத்தம் 4,500 கிலோ கலோரி போல ஆகும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் நாலாயிரம் கிலோ கலோரிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வெப்பம் முழுவதும் பாத்திரத்துக்குள் போனால் ஒன்றேகால் கிலோ விறகே போதும். திறந்த அடுப்பில் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கு பாத்திரத்துக்குள் போவதே அரிது, ஆகவே ஏழு கிலோவுக்கு மேல் எரிகிறது. மீதி வெப்பம் கிண்டுகிறவரின் முகத்திலும் மார்பிலும் அடிக்கிறது, புகையாகக் கூரையில் படிகிறது.

அடுப்பை மூடிக் கட்டி, அடியில் இரும்புத் தட்டி வைத்து, புகைபோக்கி ஏற்றினால் விறகும் குறையும், கிண்டுபவரின் கண்ணும் பிழைக்கும். இதற்கு வந்த ஆலோசகர் எடுத்த எடுப்பில் "கேஸுக்கு மாறுங்கள், மின்சார நீராவிக் கொப்பரை வாங்குங்கள்" என்றால் அவர் பால்கோவா தின்று பார்க்கவில்லை என்று பொருள். விறகுத் தீயில் மெல்லச் சுண்டுவதில்தான் அதன் நிறமும் மணமும் வருகின்றன என்று இங்குள்ள பல கடைக்காரர்கள் உறுதியாக நம்புகிறார்கள். வாடிக்கையாளரும் அதற்காகவே வருகிறார். அந்தச் சுவையைக் காப்பாற்றிக்கொண்டே விறகைக் குறைக்கும் வழியைத் தேடுபவரே இந்தத் தொழிலுக்கு ஏற்ற ஆலோசகர். ஒரு சிறு கடை தனியாக அவருக்குக் கட்டணம் கொடுக்க முடியாது. பத்துக் கடைகள் சேர்ந்தால் முடியும்.

தமிழ்நாடு அரசின் குறு, சிறு தொழில் துறை நடத்தும் 'பீஸ்' திட்டத்தில் தணிக்கைச் செலவில் 75 சதவீதம், ஒரு லட்சம் ரூபாய் வரை திரும்பக் கிடைக்கிறது. அறிக்கையின்படி வாங்கும் இயந்திரத்துக்கு 25 சதவீத மானியம், பத்து லட்சம் வரை. விருதுநகரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். மத்திய அரசு 2025 ஜூலையில் தொடங்கிய அடீட்டி திட்டம், திறன்மிக்க கருவிகளுக்கு வாங்கும் கடனில் குறு, சிறு நிறுவனங்களுக்கு ஐந்து சதவீதமும் நடுத்தர நிறுவனங்களுக்கு மூன்று சதவீதமும் வட்டிச் சலுகை தருகிறது. ஜவுளி அதன் பட்டியலில் இருக்கிறது. மானியத்தை வாங்கித் தருவதையே தொழிலாக வைத்து, அறிக்கையைப் படியெடுத்து ஆலைக்கு ஆலை பெயர் மாற்றுகிறவர்களும் இந்தச் சந்தையில் உண்டு. முன்பு எழுதிய மூன்று அறிக்கைகளைக் கேட்டு வாங்கி அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். அந்த ஆலைகளுக்கே போன் போட்டு, "சொன்னதில் எதைச் செய்தீர்கள், மீட்டரில் எவ்வளவு குறைந்தது?" என்று பராமரிப்பு மேலாளரிடம் கேட்பது அதைவிட நல்லது. முதலாளியிடம் கேட்டால் உபசாரமான பதில் வரும், மேலாளரிடம் எண் இருக்கும்.

கடைசியாகக் கட்டணம். சேமிப்பில் பங்கு என்ற ஏற்பாடு கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் அடிப்படை அளவு தெளிவாக இல்லாத இடத்தில் அது வழக்கில் போய் முடியும். நடுத்தர ஆலைக்கு ஏற்றது இரண்டு பகுதிக் கட்டணம். அளவெடுத்து அறிக்கை தருவதற்கு ஒரு நிலையான தொகை, ஆலை ஏதும் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது உண்டு. மீதி, சொன்ன மாற்றங்களைச் செய்து ஒரு ஆண்டு ஓடிய பிறகு, ஆலோசகரே மறுபடி வந்து, ஆலையின் எலக்ட்ரீஷியனோடு நின்று, அதே மீட்டரில், அதே நம்பர் நூலில், அதே மாதத்தில் அளந்து காட்டியதும் தர வேண்டிய தொகை. அந்த இரண்டாம் வருகையின் தேதியை ஒப்பந்தத்தில் முதல் நாளே எழுதிவிட வேண்டும்.